வாசகர் கேள்வி பதில்: செவர்ன் ஆற்றங்கரையில் எங்கே வீடு பார்ப்பது?

கேள்வி: என் மகளுக்கு இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. ஊரைச் சுற்றியே ஆறு ஓடுகிறதாம். 2024 டிசம்பரில் பெண்ணையாற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டில் இடுப்பளவு நின்றது. அதிலிருந்து ஆறு என்றாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. எந்தப் பக்கம் வீடு பார்க்கச் சொல்லட்டும்? குளிரைத் தாங்குவாளா?
– ஒரு தாய், குண்டு உப்பலவாடி, கடலூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. என் மகளும் அந்த ஊரில் சில வருஷம் குடியிருந்தாள். 2020 பிப்ரவரியில் நான் அவளோடு தங்கியிருந்தபோதுதான் செவர்ன் ஆறு பெருகியது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் புவியியல் நடத்தியவன் என்பதால் தினமும் கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

முதலில் ஆற்றின் போக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பழைய ஊர் ஒரு மேட்டில் இருக்கிறது. செவர்ன் அதை மாட்டு லாடம் மாதிரி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. லாடத்தின் வாய் சுமார் 300 மீட்டர்தான்; அந்தக் குறுகிய இடத்தில்தான் கோட்டையும் ரயில் நிலையமும். ரயிலுக்காக நீங்கள் நிற்கும் பிளாட்பாரத்தின் ஒரு பகுதிக்குக் கீழேயே ஆறு ஓடும். கிழக்கே போக இங்கிலீஷ் பாலம், மேற்கே போக வெல்ஷ் பாலம். நமக்கு மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே கெடிலம் இருப்பதைப் போல, அங்கே பெரும்பாலான பக்கம் போக ஆற்றைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

வெள்ளம் வரும் விதமும் உங்களுக்குப் பழகியதுதான். அன்று சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர்தானே உங்கள் வாசலுக்கு வந்தது? செவர்னும் அப்படித்தான். பிறப்பது வேல்ஸ் மலையில். அங்கே கொட்டும் மழை, வர்ன்வி என்ற துணையாற்றையும் சேர்த்துக்கொண்டு ஒன்றிரண்டு நாள் கழித்து ஷ்ரூஸ்பரிக்கு வந்து சேரும். உள்ளூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், ஆறு ஏறிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு நல்ல விஷயம், அது மெதுவாக ஏறும், முன்னெச்சரிக்கையும் வந்துவிடும். ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிலைத் தூக்கி வைக்கும் நிலைமை வராது.

வெல்ஷ் பாலத்தைத் தாண்டியதும் ஃபிராங்க்வெல். சார்லஸ் டார்வின் 1809-ல் பிறந்த வீடு அதையொட்டிய மேட்டில் இருக்கிறது. ஆனால் ஃபிராங்க்வெல் தாழ்வான பகுதி என்பதால் அடிக்கடி தண்ணீரில் மூழ்கிய இடம். 2003-ல் தடுப்பு கட்டி முடித்தார்கள். வெள்ளம் வரும்போது அதை எழுப்பிப் பொருத்துவதை நான் கிட்டத்தில் நின்று பார்த்தேன். தரையில் வரிசையாகக் கம்பங்களை நட்டு, அவற்றின் பள்ளத்தில் அலுமினியப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிறார்கள். நம் ஊர்ப் பழைய மளிகைக் கடையில் ராத்திரி பலகைக் கதவு சேர்ப்பார்களே, அதே வேலைதான். இங்கே நிற்க வைத்துச் சேர்ப்போம், அங்கே படுக்க வைத்து அடுக்குகிறார்கள். வெளிப்பக்கம் செம்மண் நிறத்தில் தண்ணீர், உள்ளே தெரு காய்ந்து கிடந்தது. அதே வாரம் இங்கிலீஷ் பாலத்துக்குத் தெற்கே, ரீ ஓடை வந்து கலக்கும் கோல்ஹாமில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

அதனால் கோல்ஹாம் வேண்டாம். ஃபிராங்க்வெல், இங்கிலீஷ் பாலத்தைத் தாண்டியதும் வரும் அபி ஃபோர்கேட் என்றால் தெருத் தெருவாக விசாரித்த பிறகுதான். என்னைக் கேட்டால் காப்தார்ன் பக்கம் பாருங்கள்: ஆற்றை விட்டு விலகிய, உயரமான இடம், பெரிய அரசு மருத்துவமனையும் அந்தப் பக்கம்தான். வேலை அங்கேயே என்றால் நடந்தே போய்விடலாம். எந்த வீடானாலும் அதன் அஞ்சல் குறியீட்டை இங்கிலாந்து அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், காசு கிடையாது. அப்புறம், சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும். பழைய செங்கல் வீடுகளில் ஓதம் ஏறியிருந்தால் குளிர் காலம் முழுக்கத் துணி காயாது, இருமலும் விடாது.

குளிரைத் தாங்கிவிடுவாள். ஜனவரிப் பகலில் 7 டிகிரி, ராத்திரியில் 1 டிகிரி அளவுக்கு இருக்கும். எப்போதாவது ரொம்பக் கீழே இறங்கும். இங்கிலாந்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலை, மைனஸ் 26.1, 1982 ஜனவரி 10-ல் அதே மாவட்டத்தின் நியூபோர்ட் ஊரில் பதிவானதுதான். மழை நாம் நினைப்பதைவிடக் குறைவு. மேற்கிலிருந்து வரும் மேகத்தை வேல்ஸ் மலை பிழிந்துவிடுகிறது. தென்மேற்குப் பருவமழையில் மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குச் செய்வதும் அதைத்தான். வருஷத்துக்கு 700 மில்லிமீட்டருக்குள்தான், கடலூரில் பெய்வதில் ஏறக்குறையப் பாதி. ஆனால் நம் ஐப்பசி கார்த்திகை அடைமழை மாதிரி இல்லாமல் வருஷம் பூராவும் தூறும். என் மகளை வாட்டியது குளிரோ மழையோ அல்ல, டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் கவியும் இருட்டு. முதல் வருஷம் மட்டும் தினமும் அந்த நேரத்தில் போன் பண்ணுங்கள் அம்மா. அப்போது நமக்கு ராத்திரி ஒன்பதரை.

கேள்வி: ராபர்ட் கிளைவுக்குச் சிலை வைத்திருப்பது ஷ்ரூஸ்பரியில்தானா?
– ஒரு கல்லூரி மாணவர், தேவனாம்பட்டினம்

பதில்: ஆமாம் தம்பி, லண்டனில் ஒன்று, அங்கே ஒன்று. அவர் பிறந்த மாவட்டம் அது. 1761 முதல் சாகும்வரை ஷ்ரூஸ்பரியின் நாடாளுமன்ற உறுப்பினர். அதற்கு முன் உங்கள் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் பதவி வகித்தவர். வெண்கலச் சிலை நகரச் சதுக்கத்தில் நிற்கிறது. பக்கத்திலேயே 1596-ல் கட்டிய சந்தை மண்டபம், ஒரு காலத்தில் கம்பளித் துணி வியாபாரம் நடந்த இடம். கீழே திறந்த தூண் மண்டபம். தூறல் வந்தால் அங்கேதான் நான் ஒதுங்கி நிற்பேன்.