வாசகர் கேள்வி: கூரைமேல் சூரியத் தகடு, கையில் எவ்வளவு மிச்சம்?

கேள்வி: நாங்கள் இரட்டை மாடி வரிசை வீட்டில் குடியிருக்கிறோம். மாதம் ஏறக்குறைய 750 யூனிட் மின்சாரம் செலவாகிறது. 5 கிலோவாட் சூரியத் தகடு பொருத்த 20,000 ரிங்கிட் ஆகும் என்றும், 7 ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும் என்றும் விற்பனையாளர் கூறுகிறார். 2023இல் தகடு போட்ட என் தம்பி இப்போது மிகச் சொற்பமான கட்டணமே செலுத்துகிறான். எங்களுக்கும் அப்படி அமையுமா?
- வாசகி, நிபோங் திபால்

பதில்: அப்படியே அமையாது, அம்மா. உங்கள் தம்பி சேர்ந்தது பழைய 'நெம்' திட்டமாக இருக்க வேண்டும். பகலில் வீட்டுத் தேவைக்கு மிஞ்சி, அவர் வெளியே பொது மின்கம்பிக்கு அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும் இரவில் எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு ஈடாகக் கழிந்துவிடும். இச்சலுகை அவருக்கு 10 ஆண்டுகள் உண்டு. அத்திட்டத்திற்கான விண்ணப்பம் 2025 ஜூன் 30உடன் முடிந்தது. 2026 ஜனவரியில் தொடங்கிய 'சோலார் அதாப்' திட்டத்தில் கணக்கே வேறு.

2025 ஜூலை முதல், மாதம் 1,500 யூனிட்டுக்கு மேற்போகாத வீடுகளுக்கு ஒரு யூனிட்டின் விலை எரிசக்திக் கட்டணம் 27.03 சென், கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென், கட்டமைப்புக் கட்டணம் 12.85 சென் எனப் பிரிக்கப்பட்டு, மொத்தம் 44.43 சென் ஆகிறது. தகடு தரும் மின்சாரத்தை அப்போதே வீட்டில் பயன்படுத்தினால் இந்த 44.43 சென்னும் மிச்சம். வெளியே அனுப்பினால் எரிசக்திக் கட்டணமான 27.03 சென் மட்டுமே வரவாகும். அந்த வரவில் மிஞ்சுவதையும் அடுத்த மாதத்திற்குக் கொண்டுபோக முடியாது.

5 கிலோவாட் தகடு நம் வெயிலுக்கு மாதம் 520 யூனிட் அளவுக்குத் தரும் என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளர் அத்தனையையும் 44.43 சென்னால் பெருக்கி, மாதம் 231 ரிங்கிட் என்று காட்டியிருப்பார். 7 ஆண்டுக் கணக்கு அப்படித்தான் வருகிறது. பகலில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விடும் வீட்டில் 170 யூனிட்தான் உள்ளே செலவாகும் என்றால், அதற்கு 75 ரிங்கிட், வெளியே போகும் 350 யூனிட்டுக்கு 95 ரிங்கிட், ஆக 170 ரிங்கிட்தான். முதலீடு திரும்ப ஏறக்குறைய 10 ஆண்டு ஆகும். துணி துவைப்பதையும் இஸ்திரி போடுவதையும் பகலுக்கு மாற்றி, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் மதியம் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு, உள்செலவு 270 யூனிட்டாக உயர்ந்தால் 9 ஆண்டில் திரும்பும். மின்சாரத்தைக் குறைவாக வாங்கும் வீடுகளுக்குக் கட்டணத்தில் கழிக்கப்படும் எரிசக்திச் சிக்கன ஊக்கத்தொகையின் விகிதம், வாங்கும் யூனிட் குறையக் குறையக் கூடுவதை நான் இங்கே சேர்க்கவில்லை. ஆகவே நிலைமை இதைவிடச் சற்று நன்றாகவே இருக்கும்.

பகலில் வீடு பூட்டியே கிடக்கும் என்றால், 5 கிலோவாட்டை விட்டு 3 கிலோவாட்டுக்கு விலை கேளுங்கள். விற்பவருக்கு அது பிடிக்காது. உங்களுக்கு அது போதும்.

கேள்வி: மின்தடை ஏற்படும்போது தகடு உள்ள வீட்டில் விளக்கு எரியுமா?
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பேட்டரி இணைக்காத அமைப்பில் எரியாது, ஐயா. கம்பத்தில் பழுது பார்ப்பவர்களை உங்கள் கூரை மின்சாரம் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, வெளி மின்சாரம் நின்றதும், தகட்டின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவியான இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பேட்டரி வைத்தாலும், தடையின்போது இயங்கும் வசதி அதில் உண்டா என்று தனியே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.