‘ஷெல்டர் லைசென்ஸ்’ 85,000 ரூபாயா?

கேள்வி: பெங்களூரு மர்ஃபி டவுனில் இருக்கிறேன். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த 14 நாய்கள், 6 பூனைகள் இருக்கின்றன. ஆனேக்கல் பக்கம் அப்பாவின் நிலத்தில் கொட்டகை போட்டு, அவற்றை நல்ல வீடுகளுக்குத் தத்து கொடுக்க ஆசை. ‘ஷெல்டர் லைசென்ஸ்’, வாரிய அங்கீகாரம், வெளிநாட்டு நன்கொடை அனுமதி மூன்றையும் ஆறு மாதத்தில் வாங்கித் தர ஏஜென்ட் ஒருவர் 85,000 ரூபாய் கேட்கிறார். தத்து கொடுக்கும்போது தடுப்பூசிக்கு 1,500 ரூபாய் வாங்கினால் அது விற்பனையா? பக்கத்து வீட்டார் காலி செய்தபோது விட்டுப்போன பச்சைக்கிளி ஒன்றும் இருக்கிறது.

பதில்: முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அவர் விற்கும் மூன்றில் முதலாவது இல்லாத சரக்கு. 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் நாய், பூனைக் காப்பகத்துக்கென்று ‘ஷெல்டர் லைசென்ஸ்’ எதுவும் கிடையாது. மூன்றாவதும் ஆறு மாதத்தில் நடக்காது. வெளிநாட்டு நன்கொடைப் பதிவுக்கு அமைப்பு தொடங்கி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது நோக்கத்துக்காகச் செலவழித்திருக்க வேண்டும்.

நடுவிலிருப்பது மட்டும் உண்மை. இந்திய விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரத்துக்கு ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம். வாரியம் திருவான்மியூரை விட்டு ஹரியானாவின் பல்லப்கருக்குப் போனது 2018இல். இன்னும் பழைய சென்னை முகவரி அச்சடித்த படிவத்தை நீட்டும் ஏஜென்ட்டுகள் உண்டு. படிவத்தில் ‘சென்னை’ என்று இருந்தாலே எழுந்து வந்துவிடுங்கள். இந்த அங்கீகாரமும் லைசென்ஸ் அல்ல. இல்லாமலும் நாய்களைப் பராமரிக்கலாம். ஆனால் தெருநாய்க் கருத்தடைத் திட்டத்தை எடுத்து நடத்த, 2023 விதிகளின்படி வாரியத்தின் திட்ட அங்கீகாரம் தனியாக வேண்டும்.

முதல் வேலை டிரஸ்ட் பத்திரம். சப்-ரிஜிஸ்டிரார் அலுவலகத்தில் பதிவு செய்து, டிரஸ்ட் பெயரில் பான் கார்டும் வங்கிக் கணக்கும் வாங்குங்கள். ஏஜென்ட்டுகள் கல்வி டிரஸ்ட் பத்திரத்தையே பெயர் மாற்றித் தருவார்கள். நோக்கப் பிரிவில் விலங்கு மீட்பு, சிகிச்சை, தத்து ஆகியவை சொல்லாகவே இருக்க வேண்டும். டிரஸ்ட் கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள வேறொரு டிரஸ்டுக்குப் போகும் என்ற வரியும் வேண்டும். இவை இல்லாவிட்டால் பின்னால் வருமான வரிச் சலுகைப் பதிவுகளை (12ஏ, 80ஜி) கேட்கும்போது இடிக்கும். நிலம் கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள் இருந்தால் பஞ்சாயத்து வளர்ச்சி அலுவலரிடம் (பிடிஓ) எழுத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ‘வாயால் சொன்னாரே’ என்பது பக்கத்துத் தோட்டக்காரர் குரைப்புச் சத்தம் பற்றிப் புகார் கொடுக்கும் நாளில் உதவாது. கொட்டகையில் ஊசி, ட்ரிப் போடுவதானால் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உயிரி மருத்துவக் கழிவு அனுமதியும் வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

1,500 ரூபாய் விஷயம்: டாக்டரின் பில்லை இணைத்து, அந்தத் தொகைக்கு டிரஸ்ட் ரசீது கொடுங்கள். நாட்டு நாய்க்கு 1,500, லாப்ரடாருக்கு 8,000 என்று வகை பார்த்து வாங்கினால் அது வியாபாரம். அப்போது 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள் உங்கள் மேல் பாயும். ஆன்லைன் விற்பனைக்கும் அவை பொருந்தும்.

கிளிதான் அவசரம். நாய் லைசென்ஸுக்கு அலையும் பலர் கூண்டுக் கிளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பச்சைக்கிளி வனவிலங்கு, 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. யார் கொடுத்தார்கள், எத்தனை வருடம் வளர்த்தார்கள் என்பதெல்லாம் செல்லாது. கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸுக்கோ வனத்துறைக்கோ தெரிவித்திருக்க வேண்டும். தாமதமாகியிருந்தாலும் இன்றே, கிடைத்த விதத்தை எழுதி, வனத்துறையிடம் ஒப்படைத்து ஒப்புகை வாங்குங்கள். தத்து கொடுக்காதீர்கள், மொட்டை மாடியில் பறக்கவிடவும் வேண்டாம். கூண்டில் வளர்ந்ததைக் காக்கை கொத்திவிடும். நட்சத்திர ஆமைக்கும் இதே கதை, தண்டனை இன்னும் கடுமை. ‘லவ் பேர்ட்ஸ்’ என்று இங்கே விற்கும் ஆஸ்திரேலியக் குட்டிக் கிளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வந்தால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் பதிவுப் பத்திரம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ‘காப்பகம்தானே, வைத்துக்கொள்ளலாம்’ என்பதும் தவறு. வனவிலங்கு மீட்பு மையம் நடத்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். டிரஸ்ட் பத்திரம் அதற்கு ஈடாகாது. நாயை அடித்து வதைத்தவனுக்கு வதைத் தடுப்புச் சட்டம் முதல் தடவை 10 முதல் 50 ரூபாய் அபராதம் போடும் நாட்டில், கிளி வைத்திருந்தவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். 1960இல் எழுதிய அந்த 50 ரூபாயைத் திருத்த இத்தனை அரசுகளுக்கும் நேரம் கிடைக்கவில்லை!

ஒவ்வொரு பிராணிக்கும் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: வந்த தேதி, இடம், படம், தடுப்பூசி, கருத்தடை, போன இடம். புதிதாக வருவதை 14 நாள் தனியே வையுங்கள். நாய்களுக்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், மண் தரையைக் கழுவவும் முடியாது. தனியே வைக்கும் கூண்டுக்காவது சிமென்ட் தரை போட்டு, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவுங்கள்.

ஏஜென்ட் ஏற்கெனவே ஏதாவது விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டாரா என்று பாருங்கள். தன் மொபைல் எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுப் பதிவு செய்வது இவர்கள் வழக்கம். ஓடிபி அவருக்கே போகும். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் படியளக்க வேண்டியிருக்கும். விண்ணப்பத் தளத்துக்குள் போய் எண், மின்னஞ்சல் இரண்டையும் உங்களுடையதாக மாற்றிவிட்டு, கொடுத்த ஆதார், நிலப் பத்திர நகல்களைத் திரும்ப வாங்குங்கள்.