ஐரோப்பாவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களிடம் உள்ள, வெளியில் சொல்லத் தயங்கும் பழக்கங்கள் என்ன?

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் குடியிருக்கிறேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, லீவைச் சேர்த்து வைத்து, கொஞ்சம் தேறியதும் ஐரோப்பாவுக்குத்தான் டிக்கெட் போடுவேன். மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் ஷெங்கன் நாடுகளுக்கு விசா வேண்டாம், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை இருக்கலாம் என்பது எங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. நான் அங்கே போவது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். போய் என்ன செய்கிறேன் என்பதுதான் பாதிப் பேருக்குத் தெரியாது. கேட்டால் "பாரிஸ், வியன்னா" என்று ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். முழுசாகச் சொன்னால், "இதுக்கா இவ்வளவு காசு?" என்பார்கள். இங்கே முழுசாகவே சொல்கிறேன்.

புது ஊரில் இறங்கியதும், பையை அறையில் போட்டுவிட்டு நான் முதலில் தேடுவது பக்கத்தில் இருக்கும் சூப்பர்மார்க்கெட். கோட்டை, அரண்மனை, மியூசியம் எல்லாம் அப்புறம். ஸ்பெயினில் மெர்கதோனா, ஜெர்மனியில் லிடில் அல்லது ஆல்டி, சுவிட்சர்லாந்தில் மிக்ரோஸ். தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகப் போவேன். மாவில் எத்தனை வகை, தயிரில் எத்தனை வகை, கத்தரிக்காய் என்ன விலை என்று பார்த்துக்கொண்டே போனால் நேரம் போவது தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்து வரும் உள்ளூர்க்காரர்கள் கூடையில் என்ன போடுகிறார்கள், ஒரு ஆள் சமையலா ஐந்து ஆள் சமையலா என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும். மிக்ரோஸ் கடைகளில் மதுவும் கிடையாது, சிகரெட்டும் கிடையாது. 1925இல் கோட்லீப் துட்வைலர் தொடங்கிய நிறுவனம் அது. அவர் காலத்துக் கட்டுப்பாடு இன்னும் இருக்கிறது. 2022இல் மது விற்கலாமா என்று கூட்டுறவு உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு விட்டபோதும் வேண்டாம் என்றே முடிவானது. ஒரு நாட்டைப் பற்றி இப்படி ஒரு சேதி சாமான் கடையில் கிடைக்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் கொஞ்சமல்ல.

ஜெர்மனியில் காலி பாட்டில் இயந்திரம் என்றால் எனக்கு உயிர். தண்ணீரோ குளிர்பானமோ ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலில் வாங்கினால் 25 சென்ட் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். 2003இலிருந்து இந்த ஏற்பாடு. காலி பாட்டிலைக் கடையிலுள்ள இயந்திரத்தின் வட்டத் துவாரத்தில் வைத்தால், உள்ளே பாட்டில் உருளும், சிவப்பு வெளிச்சம் அதன் மேல் ஓடிக் கோடுகளைப் படிக்கும், திடீரென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் எங்கோ பின்னால் நசுங்கும் சத்தம். கடைசியில் பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். காசு கட்டும்போது அதைக் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். என் கணவர் பெரிய தேவாலயத்தைப் படம் பிடிக்கப் போகும் நேரத்தில் நான் பாட்டில் பையோடு வரிசையில் நிற்பேன். முன்னால் நிற்கும் பாட்டியம்மா சில சமயம் எந்தப் பாட்டிலை இயந்திரம் வாங்காது என்று சைகையிலேயே சொல்லிக் கொடுப்பார்.

போர்ச்சுகலில் மீன் டின் வரிசை. தக்காளிக் குழம்பில் ஊறிய சார்டின் டின் இல்லாத வீடு நம் ஊரில் ஏது? வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிரட்டினால் ஒரு வேளைச் சோறு ஓடிவிடும். அந்த டின்களில் பெயர்போன ஆயாம் பிராண்டை 1892இல் சிங்கப்பூரில் தொடங்கியவரே அல்ஃப்ரெட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர். லிஸ்பனில் அதே மீனை ஆலிவ் எண்ணெயில், எலுமிச்சையோடு, மிளகாயோடு என்று வகைவகையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்று விளக்குப் போட்டு விற்கும் கடைகளில் வாங்காதீர்கள். சூப்பர்மார்க்கெட்டில் விலை ரொம்பக் குறைவு. நான் திரும்பி வரும்போது பெட்டியின் எடையில் பாதி டின்தான். அம்மாவுக்கு அதை நம் முறையில் பிரட்டிக் கொடுத்தேன். "முள்ளே தெரியலையே, இன்னும் ரெண்டு டின் எடுத்து வந்திருக்கலாம்ல?" என்றார்.

போகும்போது பெட்டியில் இருப்பது நெத்திலிச் சம்பல். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நாம் இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது. மீன் வகைக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. தைரியமாகக் கொண்டு போங்கள். காலையில் பேக்கரியில் வாங்கிய, பாகெட் என்ற சூடான நீள ரொட்டியைப் பிளந்து, வெண்ணெய் தடவி, நடுவில் சம்பலை வைத்துப் பசியாறிப் பாருங்கள். ஹோட்டல் காலை உணவை நான் பல ஊர்களில் எடுப்பதே இல்லை.

இனி ரயில். பயணம் எதுவும் கைவசம் இல்லாத மாதங்களிலும் நான் ஐரோப்பிய ரயில் கால அட்டவணையைப் படிப்பேன். தாமஸ் குக் நிறுவனம் 1873இல் வெளியிடத் தொடங்கிய அட்டவணை அது. 2013இல் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதில் வேலை பார்த்தவர்கள் விட மனமில்லாமல் 2014இலிருந்து தனியாக நடத்துகிறார்கள். காலையில் வேலைக்குப் போகும் கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து, வியன்னாவில் இரவு வண்டி ஏறினால் வெனிஸில் காலை எத்தனை மணிக்கு இறங்கலாம், இடையில் எந்த ஊரில் வண்டியைப் பிரித்து இன்னொன்றோடு கோப்பார்கள் என்று பார்த்துக்கொண்டு வருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் போனில் நாடகம் பார்ப்பார்கள். எனக்கு அந்த எண்களில் ஊர்கள் தெரியும்.

சுவிட்சர்லாந்தின் சூரிக் ஸ்டேஷனில் எனக்கு ஒரு வழக்கம். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து நிற்பேன். வெள்ளை முகம், எண்கள் கிடையாது, கறுப்புக் கோடுகள் மட்டும். 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. சிவப்பு வினாடி முள் 1953இல் சேர்ந்தது. வண்டி புறப்படலாம் என்று நிலைய அதிகாரி தூக்கிக் காட்டும் வட்டப் பலகையின் உருவம் அதற்கு. அந்த முள் ஏறக்குறைய 58.5 வினாடியிலேயே ஒரு சுற்றை முடித்துவிட்டு உச்சியில் அசையாமல் நிற்கும். மத்தியக் கடிகாரத்திலிருந்து நிமிடத்துக்கு ஒரு முறை மின்சாரத் துடிப்பு வரும். அது வந்ததும் நிமிட முள் ஒரே தாவாகத் தாவும், சிவப்பு முள் மறுபடி கிளம்பும். எல்லா ஸ்டேஷனிலும் நிமிடம் ஒரே சமயத்தில் மாற வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. சுற்றிலும் அத்தனை பேர் ஓடிக்கொண்டிருக்க, கடிகாரம் மட்டும் ஒன்றரை வினாடி காத்திருப்பதை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குச் சலிக்காது.

அதே நாட்டில் அல்புலா, பேர்னினா மலை ரயில் பாதை. கண்ணாடிக் கூரை போட்ட எக்ஸ்பிரஸ் வண்டிக்கு முன்பதிவுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும். அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டியும் ஓடுகிறது, அதற்கு முன்பதிவு தேவையில்லை, சில பெட்டிகளில் ஜன்னலைக்கூட இறக்கலாம். நான் எப்போதும் சாதாரண வண்டிதான். லாண்ட்வாசர் பாலம் 65 மீட்டர் உயரம், 142 மீட்டர் நீளம், 1902இல் கட்டி முடித்தது. வண்டி பாலத்தில் வளைந்து வளைந்து வந்து, செங்குத்தான பாறைச் சுவரில் உள்ள ஓட்டைக்குள் நேராக நுழைந்துவிடும். அடுத்தது ஃபிலிசூர் என்ற சின்ன ஸ்டேஷன். அங்கே இறங்கி, எதிர் வண்டியைப் பிடித்துத் திரும்பி, மறுபடி ஏறி அதே பாலத்தைக் கடப்பேன். ரயில் பாஸ் கையில் இருந்தால் கூடுதல் செலவு கிடையாது. வெயில் ஒரு பக்கம் மாறியிருக்கும், பள்ளத்தாக்கு வேறு மாதிரித் தெரியும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பத்து நாளில் ஏழு நாடு என்று சுற்றுலா ஏஜெண்டுகள் விற்கும் பயணம் எனக்கு ஒத்துவரவில்லை. பஸ்ஸில் தூங்கி, இறங்கிப் படம் பிடித்து, மறுபடி ஏறித் தூங்குவது. முதல் தடவை போகிறவர்களுக்கு அது பாதுகாப்பாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஊரோடு ஒட்டுதல் வர வேண்டுமானால் அங்கே ஒரு மதியமாவது பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். அதனால்தான் நான் போன ஊருக்கே மறுபடி போகிறேன். "திரும்பவும் அதே ஊரா?" என்று சின்னம்மா கேட்பார். ஆமாம் சின்னம்மா, அதே ஊர்தான்.

கல்லறைத் தோட்டங்களுக்கும் போவேன். வீட்டில் இதை இப்போதுவரை சொன்னதில்லை. வியன்னாவில் 71ஆம் எண் டிராம் ஏறினால் 1874இல் திறந்த மத்தியக் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே இறங்கலாம். பீத்தோவனும் ஷூபர்ட்டும் பிராம்ஸும் ஒரே மூலையில் பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது பெயர் தெரியாத குடும்பங்களின் கற்கள். நம்மூரில் இருட்டுவதற்குள் வந்துவிடு என்பார்கள். அங்கே பாட்டிமார் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வந்து பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

தேவாலயங்களில் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அப்படித்தான். நான் பட்டர்வொர்த்தில் வளர்ந்தவள். எங்கள் வீடு சைவ சமய வீடு, ஆனாலும் ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு அம்மா மெழுகுவர்த்தியோடு போய்விடுவார். அந்தப் பழக்கம் என்னோடு ஐரோப்பா வரை வந்துவிட்டது. இங்கிலாந்தில் பெரிய தேவாலயங்கள் பலவற்றில் உள்ளே போகக் கட்டணம் உண்டு. சாயங்காலப் பாட்டு வழிபாட்டுக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் சும்மா போய் உட்காரலாம். யார்க்கில், டர்ஹாமில் அந்தப் பாட்டைக் கேட்பதற்காகவே ரயில் நேரத்தை மாற்றியிருக்கிறேன்.

கடைசியாகச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் எனக்குப் பெரியது. பாரிஸ் போனால் ஒரு நாளாவது லா சப்பல் பகுதிக்குப் போகாமல் இருக்க மாட்டேன். கார் து நோர் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். ஃபோபூர் சான் தெனி தெருவில் கொஞ்ச தூரம் போனதும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தொடங்கிவிடும். புடவைக் கடை, நகைக் கடை, முருங்கைக்காயும் வாழைப்பூவும் வைத்த மளிகைக் கடை, கொத்து ரொட்டிக் கடை. பக்கத்தில் மாணிக்கப் பிள்ளையார் கோயில். கோடை முடியும் சமயத்தில் தேர் இழுப்பார்கள், பாரிஸ் தெருவில் குவியல் குவியலாகத் தேங்காய் உடையும். "பாரிஸுக்குப் போயும் கொத்து ரொட்டியா?" என்று என் தோழிகள் கேட்கிறார்கள். இலங்கையிலிருந்து போர்க்காலத்தில் வந்த தமிழர்கள் கடை கடையாக உண்டாக்கிய தெரு அது. அதைப் பார்க்காமல் பாரிஸைப் பார்த்தேன் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு மளிகைக் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தபோது, கல்லாவில் இருந்த பெரியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "எங்கயிருந்து வாறியள் பிள்ளை?" என்றார்.

"மலேசியா ஐயா, கோலாலம்பூர்."

"மலாயாவோ! எங்கட அம்மப்பா அங்க ரயில்வேயில இருந்தவர். அந்தப் பென்சன் காசிலதான் எங்கட வீடே கட்டினது."

எனக்கு உடனே கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி ஞாபகம் வந்துவிட்டது. மலாயாவின் முதல் ரயில் 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஓடியது. அந்தக் காலத்திலிருந்தே யாழ்ப்பாணத்துக்காரர்கள் கிளார்க்காகவும் ஸ்டேஷன் மாஸ்டராகவும் இங்கே வந்திருக்கிறார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஸ்காட் ரோட்டில் இருக்கும் கந்தசாமி கோயில் அவர்கள் கட்டியதுதான். பெரியவருக்கு அந்தக் கோயில் பெயர் தெரிந்திருந்தது. தாத்தா சொல்லக் கேட்டதாம். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, திருவிழாவுக்கு நானே போவேன் என்றேன். போனில் இருந்த கோபுரப் படத்தைக் காட்டினேன். கல்லாவை விட்டு எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலைக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அதன் பிறகு பாரிஸ் போகும்போதெல்லாம் அந்தக் கடைக்குப் போகிறேன். இப்போது மகன் கல்லாவில் இருக்கிறார், பெரியவர் உள்ளே நாற்காலியில். இங்கிருந்து கோயில் திருநீறு ஒரு பொட்டலம் கொண்டு போய்க் கொடுப்பேன்.

அடுத்து ஜெர்மனியில் ஹாம் ஊரின் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போக நினைத்திருக்கிறேன். அதுவும் இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. டோர்ட்முண்டிலிருந்து உள்ளூர் ரயிலிலேயே ஹாமுக்குப் போய்விடலாம். தேர்த் திருவிழா சமயத்தில் அங்கே போய்வந்தவர்கள் இருந்தால், ஹாமிலேயே தங்குவது நல்லதா, டோர்ட்முண்டில் தங்கிப் போய் வருவது நல்லதா என்று எழுதுங்கள்.