கழிவுநீர்த் தொட்டி மரணம்: சமூகப் பணியாளரின் கடமை எதுவரை?

கேள்வி: நான் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துத் தமிழகத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். தனியார் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய தொழிலாளி ஒருவர் நச்சு வாயு தாக்கி இறந்துவிட்டார். கட்டட உரிமையாளர் அவருடைய மனைவியிடம் சிறு தொகை கொடுத்து எழுதி வாங்க முயல்கிறார். மனநல ஆலோசனையோடு நிறுத்திக்கொள்ளும்படி என் மேலாளர் கூறுகிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காலக்கெடுவைக் கவனியுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் புகார் அளிக்கப்பட்டால்தான் நீதிமன்றம் அக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்கும். துக்கம் தணியட்டும் என்று காத்திருக்கும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் வழக்கை இழக்கின்றன. ஆகவே முதல் தகவல் அறிக்கையின் நகலைக் குடும்பத்தார் உடனே பெற உதவுங்கள். அதில் வெறும் விபத்து மரணம் என்று மட்டும் பதிவாகியிருந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7, 9 ஆகிய பிரிவுகளைச் சேர்க்கக் கோரும் மனுவைக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அவர்கள் எழுத்துவடிவில் அளிக்கட்டும். இறந்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரானால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்துமா என்பதையும் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, 2014இல் 10 லட்சம் ரூபாயாக இருந்த தொகையை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று 30 லட்சமாக உயர்த்தியதோடு, வாரிசுக்கு வேலை, பிள்ளைகளுக்குக் கல்வி ஆகியவற்றையும் மறுவாழ்வின் பகுதியாகச் சேர்த்தது. இதை அறியாத நிலையில் அந்தப் பெண்ணிடம் வாங்கப்படும் கையெழுத்தை ஒப்புதல் என்று என்னால் கருத முடியாது. பணம் கைமாறுவதால் குற்றம் இல்லாமல் போய்விடாது. ஆனால் சாட்சிகள் பின்வாங்க அதுவே போதும்.

உங்கள் மேலாளரின் தயக்கத்துக்கு நிதியும் உள்ளூர் உறவுகளும் காரணமாக இருக்கலாம். எனினும், 2014இல் ஏற்கப்பட்ட சமூகப் பணியின் உலகளாவிய வரையறை சமூக நீதியையும் மனித உரிமையையும் இத்தொழிலின் மையக் கோட்பாடுகளாகவே வைக்கிறது. அதற்கும் மேலாக, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் சமூகப் பணியாளர்கள் இடம்பெற வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமே கூறுகிறது. அக்குழுவிடம் முறையிடுவது உங்கள் பணிக்கு உட்பட்டதே என்பதை மேலாளரிடம் எழுத்துவடிவில் எடுத்துரையுங்கள்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. வழக்கு அந்தக் குடும்பத்துடையது; உங்களுடையதன்று. வீட்டு வாடகை, கடன், உறவினர் நெருக்குதல், அதே ஒப்பந்ததாரரிடம் வேலை செய்யும் தம்பியின் பிழைப்பு என அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியவை பல. எல்லா வழிகளையும் அவற்றின் இடர்களையும் பொறுமையாக விளக்குங்கள்; அவர்களின் சம்மதமின்றி ஊடகங்களுக்குப் பெயரையோ படத்தையோ கொடுக்காதீர்கள். பெண் என்ற முறையிலேயே, வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெற இறந்தவரின் மனைவிக்கு உரிமை உண்டு. எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன்பு, அவரை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.