ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சிறிய அலுவலகம்: ஆறு கணினி, ஒரு பிரிண்டர், ரவுட்டரில் நான்கு போர்ட்தான். ஸ்விட்ச் (ஒரு நெட்வொர்க் இணைப்பைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) எப்படி அமைப்பது?

எட்டு போர்ட் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ் வேக) ஸ்விட்ச் போதும். செட்டிங் எதுவும் கேட்காத 'அன்மேனேஜ்டு' வகையே வாங்குங்கள். ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கேபிளை ஸ்விட்சின் ஏதாவது ஒரு போர்ட்டில் செருகுங்கள். மற்றதில் கணினிகள், பிரிண்டர். ஒவ்வொரு கருவிக்கும் வேண்டிய நெட்வொர்க் எண்ணான ஐபி முகவரியை ரவுட்டரே கொடுத்துவிடும். எட்டும் நிரம்பிவிடுமே என்று யோசிக்க வேண்டாம், ரவுட்டரில் இன்னும் மூன்று காலியாக இருக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம்: ஒரே கேபிளின் இரண்டு முனையையும் அதே ஸ்விட்சில் செருகிவிட்டால் தகவல் சுற்றிச் சுற்றி வந்து மொத்த நெட்வொர்க்கும் முடங்கிவிடும்.

நம் ஊரில் உண்மையான எதிரி உப்புக்காற்று. பாம்பன் பாலத்தையே அரிக்கிற காற்று கனெக்டரின் பின்களை விடுமா? 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேலை செய்ய வேண்டும். ஒரு ஜோடி கெட்டாலும் வேகம் 100க்கு இறங்கலாம், இணைப்பே அறுந்தும் போகலாம். அதனால் ஸ்விட்சைக் கடல் பக்க ஜன்னலருகே வைக்காமல், சுவரில் உயரமாக ஒரு பெட்டிக்குள் வையுங்கள். ஆனால் சூடு வெளியேற வழி இருக்கட்டும். கேபிள் கேட்5இ அல்லது கேட்6 ரகத்தில், சுத்தமான செம்பாகவே கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவுதான், ஆனால் இங்கே தாங்காது.

அப்புறம், முற்றம் தாண்டி குடோனுக்கு இணைப்பு வேண்டுமென்றால் செம்புக் கேபிள் வேண்டாம், ஃபைபர் (மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிள்) போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் அந்தச் செம்புக் கேபிள் வழியாக ஸ்விட்ச் கருகிவிடலாம்.