ஒரு கொட்டும் ஐம்பது கொட்டும்: பெருங்குளவிகள் குறித்து வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கதண்டு, கடந்தை, மலைக்குளவி எனப் பல பெயர்களில் வழங்கும் பெருங்குளவிகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டேன். அறிவியலில் ‘வெஸ்பா’ என்னும் பேரினத்தில் அடங்கும் இவற்றில் 22 இனங்கள் உள்ளன. எந்த இனம் கொட்டினாலும் செய்ய வேண்டிய முதலுதவி ஒன்றுதான் என்பதால், இனம் தெரியவில்லையே என்று யாரும் நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

கேள்வி: என் சகோதரியின் கணவரைக் கழுத்தில் ஒரே ஒரு கதண்டு கொட்டியது. கால் மணி நேரத்துக்குள் மயங்கி விழுந்தவர் பிறகு எழவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு இரண்டு கொட்டியபோதுகூடக் கை வீங்கியதோடு சரியாகிவிட்டது. “ஒன்றுதானே கொட்டியது, அது மாரடைப்பாகத்தான் இருக்கும்” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஒரு கொட்டு உயிரை எடுக்குமா?

பதில்: அம்மா, உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறேன். கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இறப்பின் காரணத்தை உறுதிசெய்ய முடியாது. ஆயினும் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, முந்தைய ஆண்டின் கொட்டும் இந்த ஆண்டின் ஒற்றைக் கொட்டும் கால் மணி நேரமும், கடும் ஒவ்வாமை அதிர்ச்சிக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆம், ஒரு கொட்டே உயிரை எடுக்கும்.

இதை முதன்முதலில் விளங்கிக்கொண்டவர்கள் ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்ற இரண்டு பிரெஞ்சு அறிவியலாளர்கள். கடல் உயிரிகளின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்தினால் அவை அந்த நஞ்சைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்த்த அவர்கள், சில வாரங்களுக்குப் பிறகு மிகக் குறைந்த அளவில் மீண்டும் செலுத்தியபோது நாய் 25 நிமிடங்களில் இறந்துபோனதைக் கண்டார்கள். பாதுகாப்புக்கு நேர்எதிரானது என்ற பொருளில் 1902இல் அதற்கு ‘அனஃபிலாக்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். இந்த ஆய்வுக்காக 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் மைத்துனரின் உடலிலும் இதுவே நடந்திருக்கக்கூடும். முதல் ஆண்டின் கொட்டு அவருக்குக் கை வீக்கத்தைத் தவிர வெளிப்படையாக எந்தக் கேடும் செய்யாமல், குளவி நஞ்சின் புரதங்களை அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களை மட்டும் உண்டாக்கிவிட்டுப் போயிருக்கும். அடுத்த கொட்டில் அந்த எதிர்ப்பொருள்கள் தூண்டப்பட்டு, உடலெங்கும் உள்ள செல்களிலிருந்து ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்கள் ஒரே நேரத்தில் கொட்டப்பட்டிருக்கும். இரத்தக் குழாய்கள் தளர்கின்றன, இரத்த அழுத்தம் சரிகிறது, தொண்டையும் மூச்சுக்குழலும் வீங்கி அடைக்கின்றன. இங்கே கொல்வது நஞ்சின் அளவன்று, உடலின் மறுவினை. ஆகவேதான் “ஒன்றுதானே கொட்டியது” என்ற கணக்கு இதில் செல்லுபடியாகாது.

உறவினர்கள் சொல்வதும் முழுக்கப் பிழை என்று தள்ளிவிட மாட்டேன். இதே ஒவ்வாமை மறுவினை இதயத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி மாரடைப்பையே வரவழைப்பதுண்டு. மாரடைப்பு என்றே வைத்துக்கொண்டாலும், அதைத் தூண்டியது அந்தக் கொட்டாகவே இருந்திருக்கலாம்.

மற்றக் குடும்பங்களுக்காக இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டிய இடம் எவ்வளவு வீங்கினாலும் அது மட்டும் அபாயக் குறி ஆகாது. கொட்டாத இடத்தில் ஏதேனும் நிகழ்ந்தால் அதுதான் அபாயக் குறி. கையில் கொட்டியிருக்க வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு எழுவது, குரல் கம்முவது, நாக்கு தடிப்பது, மூச்சு இழுப்பது, வாந்தி, தலைசுற்றல், “எனக்கு ஏதோ ஆகப்போகிறது” என்ற காரணமற்ற பேரச்சம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. கொட்டினால் ஏற்பட்ட ஒவ்வாமை இறப்புகளை ஆராய்ந்த பிரிட்டனின் ஆய்வு ஒன்றில், கொட்டியதற்கும் இதயமோ மூச்சோ நின்றதற்கும் இடையில் இருந்த காலம் ஏறத்தாழ 15 நிமிடங்கள்தாம் என்று கண்டார்கள்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி ஒன்றே. தொடையின் வெளிப்புறத் தசையில் அதைப் போட வேண்டும். பலன் தெரியாவிட்டால் 5 நிமிடங்களில் மறுபடியும் போடலாம். ஒவ்வாமை மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் பிறகு வரலாமே ஒழிய, அட்ரினலினுக்கு மாற்றாக ஒருபோதும் நிற்க முடியாது. இன்னொன்றையும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மயக்கம் வருகிறது என்பவரைத் தாங்கிப் பிடித்து நடக்க வைக்காதீர்கள். படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் மட்டும் சாய்ந்து உட்கார விடுங்கள். வாந்தி எடுத்தாலோ நினைவு தப்பினாலோ பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். படுத்திருந்தவரைத் திடீரென எழுப்பி நிறுத்திய அந்த நொடியிலேயே இதயம் நின்றுபோன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

கேள்வி: என் தம்பியை நாற்பதுக்கும் மேற்பட்ட குளவிகள் கொட்டிவிட்டன. மூச்சுத்திணறலோ மயக்கமோ இல்லை, வலி மட்டும்தான். ஆயினும் மருத்துவமனையில் மூன்று நாள் இருக்கச் சொல்கிறார்கள். இது தேவைதானா?

பதில்: தேவை. தயவுசெய்து அவரை அழைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

முதல் பதிலில் சொன்னது நிமிடங்களில் வரும் ஆபத்து. உங்கள் தம்பிக்கு உள்ளது நாள்கணக்கில் வரும் ஆபத்து. இரண்டையும் ஒன்றென எண்ணி, முதலாவது வராததால் இரண்டாவதும் வராது என்று நம்பிவிடுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு. ஏராளமான குளவிகள் கொட்டும்போது ஒவ்வாமை எதுவும் இல்லாதவருக்கும் நஞ்சு நேரடியாகவே கேடு செய்கிறது. அதிலுள்ள பாஸ்போலிப்பேஸ், மாஸ்டோபரான் போன்ற பொருள்கள் செல்களின் சவ்வைச் சிதைக்கின்றன. தசை நார்களும் சிவப்பணுக்களும் உடைந்து, அவற்றின் நிறமிகள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழல்களில் போய் அடைக்கின்றன. கல்லீரலும் பாதிக்கப்படலாம். இவையெல்லாம் முதல் நாள் வெளியே தெரியாமல் இருக்கும். அவசரப் பிரிவில் நான் பணியாற்றிய காலத்தில், ஐம்பது கொட்டுகளுக்குப் பிறகும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவர், வேலை கெடுகிறதென்று மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் கருந்தேநீர் நிறத்தில் சில துளிகள் சிறுநீர் மட்டுமே கழிகிறதென்று திரும்பி வந்தார். பல வாரங்கள் டயாலிசிஸ் செய்துதான் அவரை மீட்க முடிந்தது. முதல் இரவே சிரை வழியாகப் போதிய திரவம் ஏற்றியிருந்தால் அந்த வாரங்களில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சீனாவின் ஷான்சி மாகாணத்தில் 2013ஆம் ஆண்டின் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பெருங்குளவிகள் கொட்டி 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அப்போது அங்கே மக்களுக்குச் சொல்லப்பட்ட அளவுகோல் எளியது: 10 கொட்டுகளுக்கு மேல் என்றால் மருத்துவரைப் பாருங்கள், 30க்கு மேல் என்றால் அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள். பெரியவர்களுக்கு இது பொருந்தும். குழந்தைகளுக்கு உடல் எடை குறைவு என்பதால் இதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே அஞ்ச வேண்டும். குளவி நஞ்சுக்கு, பாம்பு நஞ்சுக்கு உள்ளது போன்ற முறிமருந்து கிடையாது. எனவே இரத்தத்தையும் சிறுநீரையும் நாள்தோறும் சோதித்துக்கொண்டு காத்திருப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. ஒன்றும் செய்யாமல் படுக்க வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றும் அந்த மூன்று நாட்களில் நடப்பது இதுதான். சிறுநீரகம் செயலிழந்தாலும், உரிய நேரத்தில் டயாலிசிஸ் தொடங்கியவர்களில் பெரும்பாலானோருக்கு அது மீண்டும் இயங்கத் தொடங்கிவிடுகிறது என்பது ஆறுதல்.

கேள்வி: தேனீயின் நஞ்சு அமிலம், குளவியின் நஞ்சு காரம் என்பதால் குளவி கொட்டிய இடத்தில் வினிகர் தடவ வேண்டும் என்கிறார்களே, சரியா? கொடுக்கையும் பிடுங்க வேண்டுமா?

பதில்: வினிகரால் பயனில்லை. தோலுக்கு அடியில் ஊசிபோல் செலுத்தப்பட்ட நஞ்சை மேலே தடவும் எதுவும் எட்டாது. எட்டினாலும், அந்த நஞ்சின் வீரியம் புரதங்களிலும் பெப்டைடுகளிலும் இருக்கிறதே தவிர அமிலத்திலோ காரத்திலோ இல்லை. சோப்பும் நீரும் கொண்டு கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியை வைத்து, மோதிரம், வளையல் போன்றவற்றை வீக்கம் ஏறுவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள்.

கொடுக்கைப் பொறுத்தவரை, தேனீ தன் கொடுக்கை நம் தோலில் விட்டுச் செல்லும். அதை எந்த வகையிலாவது உடனே அகற்ற வேண்டும். பெருங்குளவியின் கொடுக்கு வழுவழுப்பானது. உருவி எடுத்துக்கொண்டு மறுபடியும் மறுபடியும் கொட்டும். எனவே தேடிப் பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது. வலியின் அளவைக் கொண்டு ஆபத்தை எடைபோடவும் வேண்டாம். பெருங்குளவியின் நஞ்சில் மிகுதியாக இருக்கும் அசிட்டைல்கோலின் வலியைக் கூட்டுகிறது. உயிருக்கு வரும் ஆபத்து வேறு வழிகளில் வருகிறது.

கேள்வி: வீட்டின் கூரை விளிம்பில் கால்பந்தைவிடப் பெரிய கூடு ஒன்று தொங்குகிறது. இரவில் அவை உறங்கும்போது தீப்பந்தம் வைத்துக் கொளுத்திவிடலாம் என்கிறார் என் மாமா. செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. பெருங்குளவிகளில் சில இனங்கள் இருட்டிலும் பறப்பவை, வெளிச்சத்தை நோக்கி வருபவை. தீப்பந்தமோ டார்ச்சோ ஏந்தி நிற்பவர்தான் அவற்றுக்கு முதல் இலக்காவார். கூரை தீப்பற்றுவது தனி ஆபத்து.

கூட்டில் இருப்பவை ஏன் கூட்டமாகப் பாய்கின்றன என்பதை உங்கள் மாமாவிடம் விளக்குங்கள். தனியே இரை தேடும் குளவி பெரும்பாலும் மனிதரைப் பொருட்படுத்துவதில்லை. கூட்டைக் காக்கும் குளவிதான் ஆபத்தானது. யாரேனும் நெருங்கினால் காவல் குளவி முதலில் முகத்துக்கு எதிரே வட்டமிடும். ஆசியப் பெருங்குளவி என்ற இனமானால் தாடைகளை அடித்து ஒலி எழுப்பும். அந்த எச்சரிக்கையைக் கண்டவர் கையை வீசாமல், அது வந்த திசைக்கு எதிராக மெல்லப் பின்வாங்கினால் பெரும்பாலும் தப்பிவிடலாம். வீசி அடித்தாலோ நசுக்கினாலோ அதன் நஞ்சிலிருந்து ஆவியாகும் அபாய மணம் மற்றவற்றை அழைத்துவிடும். ஆசியப் பெருங்குளவியின் இந்த மணத்தில் உள்ள மூன்று வேதிப்பொருள்களை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2003இல் கண்டறிந்தார்கள். அத்தகைய பொருள்கள் வாசனைப் பூச்சுகளிலும் இடம்பெறுவதால், கூடுள்ள இடத்தில் வாசனைத் திரவியம் பூசிச் செல்லாதிருப்பது நல்லது. தாக்குதல் தொடங்கிவிட்டால் நின்று போராடாமல், முகத்தையும் கழுத்தையும் மறைத்துக்கொண்டு, மூடிய அறையோ வாகனமோ கிடைக்கும்வரை ஓடுங்கள். நீரில் குதிக்க வேண்டாம்; மூச்சுக்காகத் தலை தூக்கும்போது அவை மேலேயே இருக்கக்கூடும்.

கூட்டை அகற்றும் வேலையைத் தீயணைப்புத் துறையினரிடமோ பயிற்சி பெற்றவர்களிடமோ விடுங்கள். ஆசியப் பெருங்குளவியின் கொடுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளமுடையது. தேனீ வளர்ப்பவர்கள் அணியும் சாதாரண உடையையே அது துளைத்துவிடும் என்னும்போது, நம் போர்வையும் தலைக்கவசமும் எம்மாத்திரம்? அவர்கள் வரும்வரை கூட்டுக்குக் கீழே யாரும் நடமாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிரும் இயந்திரங்களையும் அருகில் இயக்காதீர்கள். மண்ணுக்கடியில் கூடு கட்டும் இனங்கள் அந்த அதிர்வாலேயே கிளம்பிவிடும். ஆள் நடமாட்டமே இல்லாத மரத்தின் உச்சியில் உள்ள கூட்டை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. குளிர்காலம் கடுமையாக உள்ள இடங்களில் கூடு ஓராண்டுக்கு மேல் நிலைப்பதில்லை. பயிரைத் தின்னும் புழுக்களையும் இவை வேட்டையாடுகின்றன. ஐரோப்பியப் பெருங்குளவியை ஜெர்மனி சட்டத்தால் பாதுகாக்கிறது.

கேள்வி: ஒருமுறை குளவி கொட்டி மயங்கி, அட்ரினலின் ஊசியால் பிழைத்தவள் நான். தோட்டத்துக்குள் போகவே அஞ்சுகிறேன். வாழ்நாள் முழுவதும் இப்படித்தானா?

பதில்: இல்லை, சகோதரி. உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வழி உண்டு. கொட்டிய நாளிலிருந்து 4 முதல் 6 வாரங்கள் கழித்து ஒவ்வாமை மருத்துவரிடம் சென்று, தோல் சோதனையும் இரத்தச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். உடனே செய்தால் விடை பிழையாக வரக்கூடும். ஒவ்வாமை உறுதியானால், தூய்மையாக்கப்பட்ட குளவி நஞ்சையே மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியாகச் செலுத்தும் சிகிச்சை உள்ளது. ரிஷேயின் நாய்களைக் கொன்ற அதே மறுமுறைச் செலுத்தல், அளவறிந்து முறையாகச் செய்யப்படும்போது உடலைப் பழக்கிவிடுகிறது. 3 முதல் 5 ஆண்டுகள் இதைத் தொடர வேண்டும். குளவி நஞ்சைப் பொறுத்தவரை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இது பாதுகாப்பளிக்கிறது. மருத்துவத்தில் இத்தனை உறுதியாகச் சொல்லக்கூடிய சிகிச்சைகள் அதிகமில்லை.

அதுவரை, தாமே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் ஊசிகள் இரண்டை எப்போதும் உடன் வைத்திருங்கள். அவற்றைப் போடும் முறையை வீட்டில் உள்ளோருக்கும் கற்றுக்கொடுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா தடுப்பு மருந்து எடுத்துக்கொள்பவரானால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிலருக்கு அது அட்ரினலினின் பலனைக் குறைக்கும், ஆனால் நீங்களாக அதை நிறுத்திவிடவும் கூடாது. ஊசி போட்டு உடல் தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குச் சென்றே ஆக வேண்டும், ஏனெனில் சில மணி நேரம் கழித்து அதே மறுவினை இரண்டாம் முறையும் எழக்கூடும். உங்கள் கடிதத்தில் அந்த நாளில் உங்களை எத்தனை மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள் என்ற குறிப்பு இல்லை. ஒவ்வாமை மருத்துவரிடம் செல்லும்போது அந்த விவரம் உள்ள மருத்துவக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.