மழைமானி இல்லாத ஊருக்கு மழைக் கணக்கு

கேள்வி: இணையத்தில் உள்ள மழை வரைபடத்தில் எங்கள் கிராமத்தைத் தொட்டால் நேற்றைய மழை இத்தனை மில்லிமீட்டர் என்று காட்டுகிறது. எங்கள் ஊரில் மழைமானியே இல்லை. அப்படியானால் அந்த எண் எங்கிருந்து வருகிறது? அதை நம்பலாமா?
– விவசாயி, உடுமலைப்பேட்டை வட்டம்

பதில்: அந்த எண் அளந்தெடுத்தது அன்று, கணித்தெடுத்தது. மழைமானி நிலையங்களில் தினமும் காலை 8.30 மணிக்கு, முந்தைய 24 மணி நேரத்தில் பெய்த மழையை அளக்கிறார்கள். ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமை அந்நிலையங்களை அட்சரேகை, தீர்க்கரேகைப்படி புள்ளிகளாகப் பதித்து, இடைப்பட்ட நிலப்பரப்புக்கான அளவுகளை இடைக்கணிப்பின் மூலம் நிரப்புகிறது. அருகிலுள்ள நிலையத்துக்கு அதிக மதிப்பும் தொலைவிலுள்ளதற்குக் குறைந்த மதிப்பும் கொடுத்துச் சராசரி காண்பது இதில் எளிய வழி. கிரிகிங் என்னும் முறையோ, தூரம் கூடக் கூட மழை எவ்வளவு மாறுபடுகிறது என்பதைத் தரவிலிருந்தே அறிந்து கணிப்பதோடு, எந்த இடத்தில் எவ்வளவு பிழை நேரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லும்.

உங்கள் பகுதிக்கு இந்தக் கேள்வி மிகவும் முக்கியமானது. தென்மேற்குப் பருவக்காற்று வால்பாறை மலைகளில் கொட்டித் தீர்த்துவிட்டுக் கிழக்கே இறங்கும்போது வறண்டுவிடுவதால், நேர்கோட்டில் 50 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கும் உடுமலை மழை மறைவுப் பகுதியாகிவிடுகிறது. மலையின் உயரத்தைக் கணக்கில் கொள்ளாமல் தூரத்தை மட்டும் பார்க்கும் கணிப்பு, வால்பாறையின் மழையில் ஒரு பங்கை உங்கள் வயலிலும் பெய்ததாகக் காட்டிவிடும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதலான தினசரி மழையை, அட்சரேகையிலும் தீர்க்கரேகையிலும் கால் பாகை அளவுள்ள கட்டங்களாகத் தருகிறது. நூறாண்டுப் போக்கை அறிய அது பெரும் செல்வம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் உங்கள் பகுதியில் அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர் பரப்புடையது என்பதால், மலைச்சரிவும் சமவெளியும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடக்கூடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பதிவான 95 சென்டிமீட்டர் போன்ற பெருமழையும் இத்தகைய சராசரியில் தணிந்துதான் தெரியும்.

ஆகவே, பருவத்தின் பொதுவான நிலையை அறிய வரைபடத்தைப் பாருங்கள். இன்று தண்ணீர் பாய்ச்சலாமா என்று முடிவு செய்ய, மரநிழலும் கட்டடமும் மறைக்காத திறந்த வெளியில் நீங்களே ஒரு மழைமானியை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: வானிலைத் துறையின் கட்டத் தரவை க்யூஜிஐஎஸ் என்னும் ஜி.ஐ.எஸ். மென்பொருளில் ஏற்றி ஆண்டு மொத்தம் கணக்கிட்டேன். கடல் பகுதியில் பெரிய எதிர்ம எண்கள் வருகின்றன. ஏன்?
– புவியியல் மாணவி, திருச்சி

பதில்: தரவு இல்லாத கட்டங்களில் -999 என்று நிரப்பியிருப்பார்கள். அதைத் தரவற்ற மதிப்பு என்று மென்பொருளுக்கு அறிவிக்காவிட்டால், 365 நாளும் அந்த எண்ணையே கூட்டிக்கொண்டு போகும். மென்பொருளில் நீங்கள் ஏற்றிய தரவு அடுக்கின் (layer) பண்புகளில் அதைக் குறித்துவிட்டு மறுபடி கூட்டுங்கள். கடற்கரை வட்டங்களின் சராசரியை இதற்கு முன்பே எடுத்திருந்தால், அவற்றிலும் இந்த எண் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.